செக்றோலில் இல்லாத வரலாறு

குடும்ப வரலாறு எழுதும் உரிமை, காணி உறுதியும் வம்சாவளிச் சுவடியும் உடையோர்க்கு மட்டுமே உரியதா? எங்கள் மலையகக் குடும்பத்தில் அவை இரண்டும் இல்லை. அம்மாயியைப் பற்றிய ஒரே ஆவணம் தேயிலைத் தோட்டத்துச் செக்றோல்தான். அவர் எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தார் என்பது அதில் உண்டு. எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார் என்பது இல்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ, இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று அவர்களைப் பங்கிட்டது. மீதி 150,000 பேரின் கதி பின்னொரு பேச்சுக்கென விடப்பட்டது. அந்தப் பங்கீட்டில் அம்மாயியின் தம்பி தலைமன்னாரில் கப்பலேறினார். அம்மாயி லயத்திலேயே தங்கினார். இருவரும் மீண்டும் சந்திக்கவேயில்லை.

மலையக இலக்கியம் கற்பிக்கையில் இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதினேன். “உங்கள் வீட்டார் இதில் எந்தக் கணக்கில், சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றிரவே எழுதத் தொடங்கினேன்.

எழுதும் உந்துதல் வானத்திலிருந்து இறங்குவதன்று. விடை கூறப்படாத கேள்வியிலிருந்தே அது பிறக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் இன்றே கேட்டெழுதுங்கள். அரசுகள் எண்ணிக்கையாக்கிய மக்களை மீண்டும் மனிதராக்கிக் காட்டுவதே எழுத்தின் கடமை.