எத்தனை துடுப்பு தாங்கும்?

மணல்மேட்டில் குவாட் பைக் ஓட்டும் ஆசையில் டயர் வாங்க வருகிற பையன்கள், கடைக்குள் கால் வைத்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இருக்கிறதிலேயே பெரிய துடுப்பு வச்சது எது அண்ணே?" ஷார்ஜாவில் ஒரு கராஜில் இந்த டயர்களை மாட்டியும் கழற்றியும்தான் எனக்குத் தலை நரைத்தது. 'அண்ணே' என்பது மெல்ல 'அங்கிள்' ஆனது, கேள்வி மாறவில்லை. நானும் பதிலை மாற்றவில்லை. "வண்டி என்ன சிசி? நீங்க என்ன எடை? எங்கே ஓட்டப் போறீங்க? மூணையும் சொல்லுங்க, அப்புறம் டயரைப் பாக்கலாம்." பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். காசு கொடுத்து வாங்க வந்த இடத்தில் கிழவன் விசாரணை நடத்துகிறானே என்று.

பேடில் டயரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண டயரில் இருக்கிற பட்டன் எதுவும் இதில் இருக்காது. மொழுமொழுவென்ற ரப்பருக்குக் குறுக்கே, சாணுக்கு ஒன்றாகத் துடுப்புகள் நிமிர்ந்து நிற்கும். முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் உயரம் சகஜம். ஒவ்வொன்றும் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவுதான் மணலை அள்ளிப் பின்னால் தள்ளுகிறது. துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில் பதாயர் என்று ஓர் இடம், ஷார்ஜா எல்லைக்குள். அங்கே 'பிக் ரெட்' என்று எல்லோரும் சொல்கிற மணல்மேடு சுமார் 100 மீட்டர் உயரம். இரும்புத்துரு ஏறிச் சிவந்த மணல். நம் கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேருக்கு அதன் உச்சிதான் குறி.

பொதுவாக 250 சிசி வண்டிக்கு ஆறு முதல் எட்டு துடுப்பு, 450 சிசிக்கு எட்டு முதல் பத்து, ராப்டர் 700 மாதிரியான வண்டிக்குப் பத்து முதல் பன்னிரண்டு. இது கல்வெட்டு இல்லை; ஓட்டுகிறவர் எடை, பல்சக்கரத்தின் பல், மணலின் பதம் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். ஆனால் 250 வைத்திருக்கிற பையன், நண்பனின் 700-ஐப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு துடுப்பு கேட்டால், அது நோஞ்சான் மாட்டைப் பெரிய கலப்பையில் பூட்டுகிற கதைதான். சமதரையில் வண்டி பிரமாதமாகக் கிளம்பும். மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் திணறும். கியரைக் குறைப்பான், இன்னும் திணறும். கிளட்ச் கருகுகிற வாசனை அப்போதுதான் மூக்கில் ஏறும். பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் பெல்ட் போய்விடும். எங்கள் அர்பாபுக்கு, அதாவது முதலாளிக்கு, இதில் வருத்தமே கிடையாது. டயரிலும் காசு, கிளட்சிலும் காசு.

துடுப்பு குறைந்தாலும் தொல்லைதான். பிடிக்க ஆள் இல்லாமல் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றிக் குழி பறிக்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த வண்டி கீழேதான் போகும், அடிச்சட்டம் மணலில் உட்காருகிற வரை. இறங்கி, வண்டியை ஆட்டித் தூக்கிப் பக்கத்தில் தள்ளி எடுக்க வேண்டியதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சங்கதி இருக்கிறது. மணலில் ஓடும் சக்கரம் கொஞ்சம் வழுக்கத்தான் வேண்டும். வழுக்கும்போதுதான் எஞ்சின் சுற்று விழாமல் நிற்கும். சுற்று நின்றால்தான் பலம் இருக்கும். துளியும் வழுக்காத பிடி வேண்டும் என்று கேட்கிறவனுக்கு, அந்தப் பிடியே சுமை. அதோடு, பிடி கூடினால் முன்பக்கம் தூக்கும். சரிவில் வண்டி மல்லாக்கப் புரண்டு ஆள்மேலேயே விழுவது இப்படித்தான்.

வளைகுடாவுக்கு வந்த நம் ஆட்களிடம் இதையே வேறு ரூபத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் அறையில் ஒரு டிரைவர் தம்பி இருந்தான். சம்பளம் சுமார்தான். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடி கட்டினார் என்று இவனும் இரண்டு மாடிக்கு அஸ்திவாரம் போட்டான். அதே வருஷம் தங்கை கல்யாணம், சீட்டுப் பணம், தம்பிக்குக் காலேஜ். எதுவும் தப்பான செலவு கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நல்ல காரியம்தான். எல்லாவற்றையும் ஒரே சக்கரத்தில் பூட்டியதுதான் வினை. ஒரு மாதம் ஓவர்டைம் நின்றது, அவ்வளவுதான். ஊருக்குப் போகும் டிக்கெட் பணம் வட்டிக்குப் போனது. லீவு வந்தும் போகாமல் அறையிலேயே கிடந்தான். ஒரு மாசம் தவறினாலும் தாங்குகிற மாதிரி கணக்கு வை என்று நாங்கள் சொன்னபோது, அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தான். இன்றைக்கும் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சம்பளத்தின் கடைசி ரூபாய் வரை இழுத்துக் கட்டிவிட்டு, மேட்டில் பாதியில் நின்று கியரைத் தேடுகிறார்கள்.

டயருக்கு வருவோம். மாட்டும்போது திசை பார்ப்பது முக்கியம். டயரை மேலிருந்து பார்த்தால் துடுப்பின் குழிந்த பக்கம் வண்டி போகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றி அது கீழே வரும்போது குழிவு பின்னால் திரும்பி மணலை உதைக்கும். இடதும் வலதும் மாறினால் கை கவிழ்த்து நீர் அள்ளுகிற கதி; இதைக் கவனிக்காமல், டயர் மட்டம் என்று திட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ரிம்மின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று ஏற்றினால், 'டப்' என்று இரண்டு சத்தம் வரும், பக்கத்துக்கு ஒன்றாக. இரண்டாவது சத்தம் கேட்காமல் வண்டியை வெளியே விட்டதில்லை.

காற்று மிகக் குறைவு: ஐந்து பிஎஸ்ஐ பக்கம். பெட்ரோல் பங்க் மீட்டர் கார் டயருக்கானது. இவ்வளவு குறைந்த அளவை அது ஒழுங்காகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனி மீட்டர் விற்கிறது, வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பவும் இறக்கிவிட்டால் பக்கவாட்டில் சறுக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

முன் டயரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. காசு முழுவதும் பின்னால் போகும், முன்னால் பழைய டயரே இருக்கும். பின்னால் அவ்வளவு பிடி வைத்துவிட்டு முன்னால் ஒன்றுமில்லை என்றால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். நடுவில் ஒரு வரம்பு ஓடுகிற முன் டயர் போட்டால் மணலைக் கீறித் திரும்பும். இது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

இன்னொன்று, இந்த டயர் மணலுக்கு மட்டும். தார் ரோட்டிலோ, சப்கா என்கிற உப்புப் படிந்த கெட்டித் தரையிலோ ஓட்டினால் துடுப்பின் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். வண்டி குதிகுதியென்று குதிக்கும், ரப்பர் பிய்ந்துபோகும். "பக்கத்துப் பங்க் வரைக்கும்தான் ஓட்டினேன் அங்கிள்" என்று கொண்டுவந்த டயரில் விரலை ஓட்டிப் பார்த்தால் கூர்முனையெல்லாம் மழுங்கிக் கிடக்கும். வண்டியை டிரெய்லரில் கொண்டுபோக வாடகை கொடுக்க மனசில்லாதவர், டயருக்கு இரண்டு முறை கொடுக்கிறார்.

லிவாவில் தல் மொரீப் என்று ஒரு பெரிய மேடு இருக்கிறது, சுமார் 300 மீட்டர். அங்கே போட்டிக்கு வருகிற வண்டிகளை அந்த ஏற்றத்துக்கென்றே பிரித்து மேய்ந்து கட்டியிருப்பார்கள். செல்போனில் அந்தக் காட்சியைக் காட்டி "இதே டயர் வேணும்" என்பார்கள் நம் பிள்ளைகள். டயர் கிடைக்கும். அந்த எஞ்சின் கிடைக்காதே!

குளிர்காலத்தில் மணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடிகாலையில் பனி ஈரத்தில் மணல் கெட்டியாக இருக்கும். காலையில் ஏறிய மேட்டில் மத்தியானம் ஏற முடியாமல் போகலாம், அதற்கு டயரைக் குற்றம் சொல்ல வேண்டாம். கியரை அடியிலேயே முடிவுசெய்து ஏறுங்கள். வேகம் செத்துவிட்டது என்று தெரிந்தால், வண்டி நிற்பதற்குள் வளைத்து இறங்கிவிடுங்கள். திரும்பி வருவதில் அவமானம் எதுவும் கிடையாது. உச்சியில் வேகத்தைக் குறையுங்கள். காற்று வீசும் பக்கம் மெல்லச் சரிந்திருந்தாலும், மறுபக்கம் முப்பது பாகைக்கு மேல் செங்குத்தாக இறங்கலாம். ஹெல்மெட்டும், எதிர்ப்பக்கம் ஏறி வருகிறவன் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் கொடியும் இல்லாமல் போகாதீர்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். டயர் வாங்கும்போது நண்பனின் வண்டியைப் படம் பிடித்துக் காட்டாமல், உங்கள் வண்டியையே கடைக்கு ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.