வெள்ளி இரவும் ஒரு பழைய கணினியும்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுக்கென்று ஒரு தனி ஓசை உண்டு. இஷா தொழுகை முடிந்து நான் வீடு திரும்பும்போது, உள்ளறையிலிருந்து கார்கள் சீறிப் பாயும் இரைச்சலும், அதற்கு மேலாக என் இளைய மகனின் சிரிப்பும், தம்மாமிலிருந்து வரும் மூத்தவனின் குரலும் ஒன்றாகக் கலந்து கேட்கும். என் மனைவி அடுக்களையில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார். உண்மையில் அவர் செய்துகொண்டிருப்பது ஒரே வேலைதான். காதைத் தீட்டிக்கொண்டு மூத்த மகனின் குரலைக் கேட்பது.

விளையாட்டென்றால் பிள்ளைகளைக் கெடுப்பது என்று எண்ணியிருந்தவன் நான். இன்னமும் அந்த எண்ணம் முழுதாக என்னை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூத்தவன் 2021-இல் சவுதிக்குப் போனான். நாங்கள் தொலைபேசியில் அழைத்தால், "சாப்பிட்டாயா? உடம்பு சுகமா?" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு வற்றிப்போகும். அதே பிள்ளை தம்பியோடு கார் ஓட்டும்போது மட்டும், அறையில் இந்த வாரம் யாருடைய சமையல் முறை, யார் விடுமுறையில் ஊருக்குப் போகிறார், எந்த மேலாளர் சிடுசிடுக்கிறார் என்பதையெல்லாம் தானாகவே கொட்டுவான். ஒருமுறை அவன் நான்கு நாட்கள் காய்ச்சலில் கிடந்த செய்தியே எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்தக் கணினியும் மூத்தவன் வாங்கியதுதான். 2014-இல் கல்லூரியில் சேர்ந்தபோது, பகுதி நேரமாக வேலை பார்த்துச் சேர்த்த பணமும் நான் கொடுத்ததும் சேர்த்து, ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்து பூட்டியது. இன்டெல் ஐ5-4460 செயலி, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்னும் கிராபிக்ஸ் கார்டு. அன்றைக்கு அது நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல பெட்டிதான்.

2024 கோடையில் அது தள்ளாடத் தொடங்கியது. சகோதரர்கள் ஓட்டியது 2018-இல் வெளிவந்த ஃபோர்ஸா ஹொரைசன் 4 என்னும் காரோட்ட விளையாட்டு. படம் விக்கி விக்கி நகரும். திடீரென்று பெட்டியே அணைந்துபோகும். மே மாதத்தில் ஒரு வெள்ளி இரவு மூன்று முறை அப்படி அணைந்தது. "சரிடா, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றான் மூத்தவன். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வெள்ளி அவன் அழைக்கவே இல்லை. என் மனைவி அன்றிரவு வழக்கம்போல் அடுக்களையில் நின்றார். உள்ளறையில் சத்தமில்லை.

மூத்தவனிடம் சொன்னால் மறுநாளே பணம் அனுப்பிவிடுவான். ஆனால் வீட்டுக் கடனையும் தங்கையின் கல்யாணத்தையும் ஏற்கெனவே தோளில் சுமப்பவனிடம் அதையும் கேட்பதா? மாதத் தவணையில் புதுக் கணினி தருவதாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்ளே வட்டி ஒளிந்திருந்தது. நான் பேண்டேஜ் துணி நிறுவனமொன்றில் கணக்கெழுதுகிறவன். ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே கையிலிருந்த 15,000 ரூபாய்க்குள் எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்வது என்று முடிவாயிற்று.

இளையவன் மறுநாளே ஒரு தாளை நீட்டினான். அதில் ஒரே ஒரு வரி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, புதிய கிராபிக்ஸ் கார்டு, ஏறக்குறைய மொத்தப் பணமும் அதற்கே. "இது ஒன்றை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் அத்தா" என்றான். எனக்கு என்ன தெரியும்? வாங்கிக் கொடுத்துவிட்டுத் தலைவலி தீர்ந்தது என்றிருக்கத்தான் நினைத்தேன். தடுத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அன்று வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர்.

"மச்சான், டாக்டர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவாரா? முதலில் பெட்டிக்கு என்ன நோய் என்று பாருங்கள்" என்றார் அவர்.

விளையாட்டு ஓடும்போதே டாஸ்க் மேனேஜர் என்னும் பக்கத்தைத் திறந்து வைத்தோம். எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை விழுக்காட்டில் காட்டும் பக்கம் அது. ரேம் 96. ஹார்டு டிஸ்க் 100. குற்றவாளியென்று நாங்கள் கூண்டில் ஏற்றியிருந்த கிராபிக்ஸ் கார்டோ பாதி நேரம் 50-ஐக் கூடத் தொடவில்லை. ரேம் என்பது கணக்கனின் மேசை. ஹார்டு டிஸ்க் என்பது பின்னால் இருக்கும் பீரோ. மேசை சிறியதானால் ஒவ்வொரு பேரேட்டுக்கும் எழுந்து பீரோவுக்கு ஓட வேண்டும். எழுதும் கை எவ்வளவு விரைவாக இருந்தும் என்ன பயன்? அந்த விளையாட்டுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டுமென்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது அதில் பாதி.

அடுத்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்லப்போவது வியப்பாக இராது. எங்கள் தெருவுக்குப் பின்னால் தறிகள் ஓடுகின்றன. சற்றுத் தள்ளினால் நூற்பாலை. செயலியின் மேலிருந்த விசிறிக்கும் அதன் அடியிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கும் இடையே, தலையணைக்குள் திணித்ததுபோல் பஞ்சு அடைந்து கிடந்தது. பத்து வருடப் பஞ்சு! விசிறி சுற்றியது; காற்றுத்தான் உள்ளே போகவில்லை. தூரிகையால் அதை எடுத்துப் போட்டு, காய்ந்து பொருக்காகியிருந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். அந்தப் பசையின் விலை 200 ரூபாய்க்குள்தான். 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த செயலியின் சூடு 65-க்கு இறங்கியது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பயன் தந்த செலவு அந்தக் கணக்கில் வேறெதுவும் இல்லை.

ஆனாலும் பெட்டி மறுபடி அணைந்தது. சூட்டால் அல்ல என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. மைத்துனர் பின்பக்கமிருந்த மின்வழங்கியைக் காட்டி, "அந்த லேபிளைப் படியுங்கள், நீங்கள் கணக்குப்பிள்ளைதானே" என்றார். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் வரிசையிலிருந்து. அந்த வரிசையில் போட்டிருந்தது 14 ஆம்பியர். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட்! 450 என்பது விளம்பரம். 168 என்பதுதான் ஐந்தொகை. செயலிக்கு 84, கார்டுக்கு 60, மற்றவற்றுக்கு ஒரு 40 என்று கூட்டினாலே வரவுக்கு மேல் செலவு நின்றது. பெட்டியைப் பூட்டிக் கொடுத்தவர் யார் என்பது இப்போது வேண்டாம். ஆனால் பிள்ளை சேர்த்த பணத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அவர் மிச்சம் பிடித்திருந்தார். இதே வழங்கியின் மீது இளையவன் கேட்ட கார்டை ஏற்றியிருந்தால், அது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு நானும் மகனும் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். 12 கிலோமீட்டர் தொலைவுதான். அவனுக்குச் சென்னை ரிச்சி தெருவுக்கே போய்விட வேண்டும் என்று ஆசை. பொதிகை எக்ஸ்பிரஸில் இரண்டு பேர் போய்வரும் செலவில் ஒரு ரேம் வந்துவிடுமே என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். மைத்துனருக்குப் பழக்கமான கடை அது. பழுது பார்ப்பதும், பழைய பாகங்களை வாங்கி விற்பதுமாக நடத்தும் ஓர் இளைஞர். மகன் நீட்டிய தாளைப் பார்த்ததும் அவர் தலையசைத்தார்.

"நல்ல கார்டுதான் பாய். உங்க போர்டுக்கு ஆகாது."

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே 16 தடங்கள் உண்டு. 2022-இல் வந்த இந்த மலிவுக் கார்டு அவற்றில் 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய போர்டுகளில் ஒவ்வொரு தடமும் விரைவானது என்பதால் ஓரளவு சமாளித்துவிடும். எச்81-இன் தடம் பழைய இரண்டாம் தலைமுறை. கார்டு எதிர்பார்ப்பதில் நான்கில் ஒரு பங்கு வேகம். நான்கு தடம், அதுவும் நெரிசலான தடம். தென்காசிச் சாலையில் ராஜபாளையத்தைக் கடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கடையில் வரிசையாக அடுக்கியிருந்த ஆர்எக்ஸ் 580 கார்டுகளைக் காட்டி, "இவை?" என்று கேட்டேன். 8 ஜிபி, விலையும் குறைவு. "வேண்டாம் பாய். 185 வாட் தின்னும். அதோடு, 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் முறையை மாற்றியபிறகு, அதுவரைக்கும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. இதிலே எது எப்படி உழைத்தது என்று எனக்கே தெரியாது" என்றார். தன் கடைச் சரக்கைப் பற்றித் தானே அப்படிச் சொன்னவரிடம்தான் மற்றவற்றை வாங்குவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

அன்று வாங்கியவை மூன்று. 12 வோல்ட் வரிசையிலேயே 400 வாட்டுக்கு மேல் தரக்கூடிய, 80 பிளஸ் சான்று பெற்ற புதிய மின்வழங்கி, 2,900 ரூபாய். 480 ஜிபி எஸ்எஸ்டி, 2,600 ரூபாய். பழைய டிடிஆர்3 ரேம், 8 ஜிபி வீதம் இரண்டு, 1,400 ரூபாய். டிடிஆர்4 ரேமை மலிவாகக் கண்டாலும் எங்களைப்போன்ற பழைய போர்டுக்காரர்கள் கைநீட்டக் கூடாது. வெட்டுப் பள்ளமே வேறிடத்தில் இருப்பதால் அது உள்ளே இறங்காது. இன்னொன்று. எச்81 போர்டில் டிஸ்க் சொருகும் நான்கு வாய்களில் இரண்டுதான் வேகமானவை. எஸ்எஸ்டியை அவற்றில் ஒன்றில் சொருகாவிட்டால் பாதி வேகம் வீண்.

மாற்றிப் பூட்டியதும் பெட்டி அணைவது நின்றது. முன்பு வுளுச் செய்துவிட்டு வரும்வரை சுழன்றுகொண்டிருந்த விளையாட்டு அரை நிமிடத்தில் திறந்தது. விக்கலும் பெரும்பாலும் தீர்ந்தது. எனக்கு ஒரே திருப்தி. மீதி 8,000 ரூபாய் கையில் இருக்கிறது. போதும், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன்.

இளையவன் எதிர்த்துப் பேசவில்லை. மறுபடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, என்னை அழைத்து உட்காரவைத்தான். ரேம் 55. டிஸ்க் 10. கிராபிக்ஸ் கார்டு 100-இல் நிலைத்து நின்றது. அதன் 2 ஜிபி நினைவகமும் நிரம்பி வழிந்தது. "முன்பு இது குற்றவாளி இல்லை என்று நீங்கள் காட்டினீர்கள். இப்போது இதுதான் அத்தா" என்றான். நான் கற்றுக்கொடுத்த கணக்கை வைத்தே என்னை மடக்கிவிட்டான். உண்மையைச் சொன்னால், எண் அவன் பக்கம் இருந்தும் நான் இரண்டு வாரம் இழுத்தடித்தேன். ஏழாயிரத்தை விளையாட்டுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. கடைசியில் என் மனைவிதான், "அவன் அங்கே தனியாக இருக்கிறான். மாதாமாதம் அவன் அனுப்புவதில் இது எத்தனை நாள் காசு?" என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

கடைக்காரர் எடுத்து வைத்தது 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650. 4 ஜிபி, 75 வாட், 16 தடங்களையும் பயன்படுத்துவது, தனி மின்கம்பி தேவையில்லாத வகை. 7,500 ரூபாய் சொன்னார். பிறகு அவரே, "ஒரு குறை இருக்கு பாய். விசிறி சூடேறினால் மெல்ல முனகும். அதற்காக 500 குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு மணி நேரம் கடையிலேயே ஓடவிட்டுக் காட்டினார். பொருளின் குறையை மறைக்காமல் விற்க வேண்டும் என்பது நம் மார்க்கம் வணிகனுக்கு விதித்த கடமை. அதை நம்மில் பலர் மேடையில் பேசுகிறோம். அவர் பேரம் பேசாமலே செய்து காட்டினார். ஆக மொத்தம் பசையோடு சேர்த்து 14,080 ரூபாய். பேரேட்டில் எழுதியிருக்கிறேன்.

அந்த வெள்ளி இரவு, இளையவன் அண்ணனிடம் முதலில் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் மூத்தவன், "டேய், என்னடா செய்தாய்? எனக்கு முன்னால் போகிறாய்!" என்று கத்தியது அடுக்களைவரை கேட்டது. அப்புறம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டான். பழைய மின்வழங்கியின் 168 வாட்டைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "750 டிஐயை விற்றுவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னான். அது இப்போது என் மனைவியின் பீரோவில், ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றிய நிலையில் இருக்கிறது.

அந்த விளையாட்டின் விற்பனையை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து ஓட்டலாம் என்பதால் எங்களுக்கு இழப்பில்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது சற்றுக் கலங்கினோம். எங்கள் செயலி நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை முறைப்படி ஏற்பதில்லை. ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பில் சேர்ந்துகொண்டு, வங்கி வேலைகளை மட்டும் அந்தப் பெட்டியில் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். அதே ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போனதால் விலை ஏறியபோது, 1,400 ரூபாய்க்கு வாங்கியதை நினைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

இப்போது இளையவன் புதிதாக ஒரு தாளை நீட்டியிருக்கிறான். ஐ7-4790, இதே போர்டில் உட்காரக்கூடிய செயலி, பழையது கிடைக்குமாம். டாஸ்க் மேனேஜரின் படத்தையும் கூடவே இணைத்திருக்கிறான். தங்கையின் கல்யாணம் முடியட்டும், இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், தூரிகையை எடுத்து அந்தப் பஞ்சைத் தட்டுவது என் பொறுப்பு.