வாரின் மறுமுனை

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியில் காலையில் நடப்பவர்கள், கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. சீனி வருத்தத்துக்காக என்னை நடக்கச் சொன்னவர் வைத்தியர். உண்மையில் நடக்கவைத்தது எங்கள் வீட்டு மணிதான். விடிந்ததும் கதவைப் பிறாண்டும் நாயிடம் 'நாளை பார்க்கலாம்' என்று சாக்குச் சொல்ல முடிவதில்லை. (விடியுமுன் நான் புறப்படுவதில்லை. மலையகத்தில் நாயைத் தேடிச் சிறுத்தை லயன் வரை வருவதுண்டு.)

ஒருநாள் வாரைக் கழற்றிவிட்டேன். மணி பாய்ந்து ஒரு பெண்ணின் மேல் கால்களை வைத்தது. அவர் கூடையோடு கானுக்குள் சாய்ந்தார். கையில் நகக்கீறல்.

"கடிக்காதும்மா" என்றேன்.

"அது ஐயாவுக்குத் தெரியும். எனக்கு எப்படிங்க தெரியும்?"

இலங்கையில் விசர்நாய் நோய்க்கான கட்டளைச் சட்டம் வந்தது 1893இல். அந்நோய் பற்றி எத்தனையோ செய்திகளை எழுதியவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை. கீறலைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவினோம். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தும் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். அன்று அவருக்கு அரைப்பேர்கூட விழவில்லை. கூலியைக் கொடுத்தேன், பயத்துக்கு எதைக் கொடுப்பது?

அதன்பிறகே மணிக்குப் பழக்கினேன். வாரை இழுத்தால் நான் நின்றுவிடுவேன்; வார் தளர்ந்தால்தான் அடுத்த அடி. முதல் வாரம் நூறு யார் நடக்க அரைமணி நேரம் பிடித்தது. இப்போது பெண்கள் வரும்போது ஓரமாக உட்கார்ந்து வழிவிடுகிறது.

அந்தப் பெண் மட்டும் இன்றும் வீதியின் மறுபக்கம் மாறித்தான் போகிறார்.