குவீன்ஸ்டவுனுக்குப் படம் பிடிக்கப் போவோமா?

சிங்கப்பூருக்குப் போய் வந்த நம் தோட்டத்து மக்களின் கைப்பேசியைத் திறந்து பார்த்தால் என்னென்ன படங்கள் இருக்கும்? தேக்கா சந்தை, சிராங்கூன் சாலைப் பூக்கடை, வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம், தீபாவளி விளக்குத் தோரணம். எல்லாம் அழகுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால், வாசகர்களே, அடுத்த முறை போகும்போது அரை நாள் ஒதுக்கிக் குவீன்ஸ்டவுன் பக்கமும் சென்று வாருங்கள். படம் பிடிப்பதில் ஆசையுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வழி சுலபம். ஜோகூர் பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸ் நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறி, ஜூரோங் ஈஸ்டில் வண்டி மாறினால், காமன்வெல்த் நிலையத்துக்கு அடுத்தது குவீன்ஸ்டவுன்.

கம்பம் நகரமான கதை

1953-இல் முடிசூட்டிக்கொண்ட எலிசபெத் அரசியாரின் நினைவாகப் பெயர் பெற்ற ஊர் இது. சிங்கப்பூரின் முதல் துணை நகரம். அதற்கு முன் இங்கே சதுப்பு நிலமும் மேடும், சீனக் குடியானவர்கள் காய்கறி பயிரிட்டுப் பன்றி வளர்த்த கம்பமும் இருந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் கட்டி முடித்த முதல் அடுக்குமாடிகள், ஸ்டெர்லிங் சாலையின் 45, 48, 49-ஆம் புளோக்குகள், இன்றும் அங்கே நிற்கின்றன. ஏழு மாடிதான். சுற்றிலும் வானளாவிய புதுக்கட்டடங்கள் எழும்பிவிட்டதால், பேரப்பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் பாட்டியைப்போல் அவை தோன்றுகின்றன. காலை ஒன்பது மணிக்குள் போனால், சாய்ந்த வெயிலில் தாழ்வாரங்களின் நிழல் நீளமாக விழுந்து படம் நன்றாக அமையும்.

கொஞ்ச தூரத்தில் டாங்லின் ஹால்ட். முன்பு ரயில் நின்று சென்ற சிறு நிறுத்தத்தால் வந்த பெயர். இங்கிருந்த பத்து மாடி வீடுகள் 1967-இல் வெளிவந்த சிங்கப்பூர் ஒரு வெள்ளி நோட்டின் பின்புறத்தில் அச்சான பெருமையுடையவை. அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டத்தை 2014-இல் அரசு அறிவித்தது. குடியிருந்தோருக்கு அருகிலேயே டாவ்சனில் மாற்று வீடுகள் கிடைத்தன. நோட்டில் ஏறிய வீட்டுக்கே கதி இதுதான் என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

தண்டவாளம் போன பாதை

குவீன்ஸ்டவுனின் ஓரமாகத்தான் நம் மலாயா ரயில் தஞ்சோங் பகாருக்குப் போய்க்கொண்டிருந்தது. 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு அந்த ஓட்டம் முடிந்தது. கடைசி வண்டியை ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே ஓட்டிச் சென்றதைப் பலரும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்று அது பசுமையான நடைபாதை. அடுக்குமாடிகளுக்கு இடையே புல், வாழை, பறவைச் சத்தம். நகரத்தின் நடுவில் நாட்டுப்புறப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்த ரயில் பாதையில் உழைத்தவர்களில் நம்மவர் ஏராளம். இந்தப் பகுதியில் குடியிருந்த ரயில்வே தொழிலாளர்கள் 1932-இல் முனியாண்டிக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். தோட்டத்து எல்லையில் நாம் வைத்துக் கும்பிடும் அதே முனியாண்டிதான். இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக, 1998-இல் குடமுழுக்குக் கண்டு விளங்குகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகள் போய்விட்டன. அவர்கள் பராமரித்த தண்டவாளமும் போய்விட்டது. அவர்கள் வைத்த சாமி மட்டும் இருக்கிறது.

கடந்த பள்ளி விடுமுறையில் அந்த நடைபாதையில் என் தங்கை மகனோடு நடந்தேன். பாதையோரம் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பையன் படம் எடுத்துவிட்டு, "மாமா, இவரு நடுவுல நிக்கிறாரு. அழிச்சிடட்டா? படம் சுத்தமா இருக்கும்" என்றான். விரலால் ஒரு தடவு தடவினான். ஆள் மறைந்தார், அவர் நின்ற இடத்தில் புல் முளைத்தது! எனக்குச் சுருக்கென்றது. "இந்தப் பாதையில வேலை செஞ்ச நம்ம ஆளுங்களத் தேடித்தானே வந்தோம்? இன்னைக்கு வேலை செய்யுறவர நீ அழிச்சுட்டா, நாளைக்கு உன் பேரன் யாரைத் தேடுவான்?" என்றேன். பையன் யோசித்தான். பழைய படத்தை மீட்டான். அவரிடம் போய்க் கேட்டு, அவர் சிரித்து நின்றதும் இன்னொரு படமும் எடுத்தான். இரண்டில் அதுதான் நல்ல படம்.

திரைச்சீலை மறைத்தது

படத்தைத் திருத்துவது இன்று வந்த வித்தையல்ல. 1857-லேயே ரெய்லாண்டர் என்பவர் ஏறக்குறைய முப்பது நெகட்டிவ்களை இணைத்து ஒரே படம் செய்து காட்டினார். நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் பென்சிலால் முகப்பருவை மறைப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவைக்குச் சிவப்புப் பூசுவார்கள். இறந்துபோன அப்பாவை அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். அதில் யாரும் ஏமாறவில்லை. பிரிந்தவர்களைப் படத்திலாவது சேர்த்து வைத்த புண்ணியம் அது.

ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தா பாட்டி படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பின்னால் என்ன தெரிகிறது? பெரும்பாலும் வரைந்த திரைச்சீலை. அதில் மாளிகைத் தூண், படிக்கட்டு, பூச்சாடி. அவர்கள் வாழ்ந்த லயம் எங்கே? பால் வாளி எங்கே? பெரட்டுக் களம் எங்கே? வறுமை தெரியக்கூடாது என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. ஆனாலும் அந்தத் திரைச்சீலை நம் தோட்டத்தையே மறைத்துவிட்டது. அன்று ஸ்டுடியோவுக்குப் போனால்தான் கிடைத்த அந்தத் திரைச்சீலை இன்று ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது!

அதற்காகக் கற்பனையே கூடாது என்பதல்ல. சிங்கப்பூரிலேயே வழிகாட்டிகள் உண்டு. யிப் சியோங் ஃபன் (1903–1989) கடலையும் படகுகளையும் எடுத்துப் புகழ்பெற்றவர். 1957-இல் அவர் எடுத்த 'விடியலில் துடுப்பு வலித்தல்' என்னும் படம் இன்றும் பேசப்படுகிறது. டான் லிப் செங் கம்பத்து வாழ்க்கையையும் மாறிவரும் நகரையும் எடுத்தவர். வண்ண வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தும் நிறம் மாற்றியும் இருட்டறையில் புதுமை செய்தவர். யிப் 1984-இலும், டான் 1985-இலும் கலாசாரப் பதக்கம் பெற்றார்கள். உள்ளதை உள்ளபடி எடுக்கவும் தெரிந்து, பிறகு கற்பனை செய்யவும் தெரிந்தால், அது கலை.

பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

எடுத்த படத்தை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மறு பிரதியில் மட்டும் கைவரிசையைக் காட்டுங்கள். கோணலை நிமிர்த்தலாம், ஓரத்தை வெட்டலாம், இருளில் மங்கிய முகத்துக்கு வெளிச்சம் கூட்டலாம், கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். அதே இடத்தின் பழைய படம் கிடைத்தால், புதிய படத்தின்மேல் மெல்லிய நிழலாக அதைப் பொருத்திப் பாருங்கள். இருந்ததும் இருப்பதும் ஒன்றாகத் தெரியும். 'இணைத்த படம்' என்று கீழே எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். துணி காயும் கொடியையும், வீட்டு எண்ணையும், வேலை செய்யும் மனிதரையும் அசல் படத்திலிருந்து அழிக்காதீர்கள். ஆளைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குவீன்ஸ்டவுனில் பழகிய கண்ணோடு தோட்டத்துக்குத் திரும்பினால், நம் லயமும் வேறு விதமாகத் தெரியும். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. உங்கள் தோட்டம் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். லயத்தின் முன்னால் பாட்டியை உட்கார வையுங்கள். வரிசை முழுவதும் தெரியும்படி நாலு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு, பின்புறத்தில் பேரையும் தோட்டத்தையும் தேதியையும் எழுதுங்கள். மற்றவற்றை அந்தப் படம் பார்த்துக்கொள்ளும்.