தனுஷ்கோடி மணலில் கார் சிக்கிவிட்டதா? கயிற்றை எங்கே கட்டுகிறீர்கள் என்று பாருங்கள்!

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் கடல்தான். இடப்பக்கம் குளம்போல அமைதியாகக் கிடக்கும் பாக் விரிகுடா. வலப்பக்கம் இரைந்துகொண்டே இருக்கும் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு அது பெண் கடல், இது ஆண் கடல்.

1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த பிறகு, பல ஆண்டுகளுக்கு தனுஷ்கோடிக்குச் சாலை கிடையாது. ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். மணலின் குணம் அந்த டிரைவர்களுக்கு அத்துப்படி. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இப்போது சின்ன கார்கூட முனை வரை போய்விடுகிறது. ஆனால், மணல் மாறவில்லை.

கடலுக்கு இன்னும் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுக்கலாமே என்று தாரை விட்டு இறக்கினால் முடிந்தது. மேலே இறுகியதுபோலத் தெரியும், கீழே பொலபொலவென்றிருக்கும். பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். கடைசியில் காரின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும்.

உதவிக்கு வருபவர்கள் கையில் கயிறு இருக்கும். அதைக் கண்ணில் படும் முதல் இரும்பில் கட்டுவதுதான் நம் வழக்கம். உண்மையான ஆபத்து அங்கேதான். பம்பர் பிளாஸ்டிக், அதில் கட்டினால் கையோடு வந்துவிடும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், ஸ்டீயரிங் ராடு, ஆக்ஸில் எதிலும் கட்டக் கூடாது. வளைந்தால் வீடு திரும்பும் வழியில் ஸ்டீயரிங் காலை வாரும். அழகுக்கு மாட்டிய பம்பர் கார்டும் வேண்டாம். அதற்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. ஆனாலும் பல வண்டிகளில் பளபளக்கிறது!

எல்லாவற்றையும்விட மோசமானது, டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கி. இழுவிசையில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்களே போயிருக்கின்றன.

சரியான இடம் எது? பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னி, ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் மரை தெரியும். அதில் வளையத்தைக் கடைசிவரை திருகி, வீல் ஸ்பேனரை நுழைத்து இறுக்குங்கள். சில கார்களில் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். பாதி மரையில் விட்டால் பிடுங்கிக்கொண்டு வரும். வண்டிக்கு அடியில் தெரியும் எல்லாக் கொக்கியும் இழுப்பதற்கல்ல. சில, லாரியில் ஏற்றும்போது கட்டி வைப்பதற்கு மட்டும். எது எதற்கு என்று காரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜீப், பொலிரோ மாதிரி சேஸிஸ் உள்ள வண்டிகளில், சேஸிஸிலேயே போல்ட் போட்டுப் பொருத்திய கொக்கிதான் நம்பகமானது.

இந்த வளையம் மெதுவாக, நேர்க்கோட்டில் இழுப்பதற்கானது. வெடுக்கென்று இழுத்தால் தாங்காது. அதனால் முதல் வேலை கயிறல்ல, மண்வெட்டி. எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலும் அடிவயிற்றிலும் மணலை அள்ளுங்கள். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை குறைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். பல நேரம் நாலு பேர் தள்ளினாலே போதும்.

அதற்கும் மசியாவிட்டால்தான் கயிறு. இரண்டு துண்டுக் கயிற்றை இரும்பு வளையம் போட்டு இணைக்க வேண்டாம், அறுந்தால் அதுவும் பறக்கும். கயிற்றின் நடுவே ஈரப் போர்வையோ கனமான பையோ போட்டால், அறுந்தாலும் வேகம் குறையும். கயிறு 10 மீட்டர் என்றால், மற்றவர்கள் 15 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். வீடியோ எடுக்கும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான்!

கார் தாருக்கு ஏறியதும் வேகம் எடுக்காதீர்கள். காற்று குறைந்த டயரோடு, ராமேஸ்வரத்தில் காற்று பிடிக்கும் வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.