சிமுலேட்டரில் நம்ம கோச்சிப் பாதை

ஹட்டன் பாதையை ஓபன் ரெயில்ஸ் சிமுலேட்டரில் அப்படியே செஞ்சு பார்க்கணும்னு நாங்க சிலபேர் இறங்கியிருக்கோம். மென்பொருள் இலவசம்தான். ஆதாரம் தேடுறதுதான் பெரிய வேலை.

மலையின் உயரத்துக்கு, 2000இல் எண்டெவர் விண்ணோடம் ரேடாரில் அளந்த தரவு இருக்கு. ஆனா அதில் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். மலையை வெட்டிப் போட்ட தண்டவாளம் அந்த இடைவெளிக்குள்ள காணாம போயிடும். அங்கே ஸ்டேஷன் பலகைதான் கைகொடுக்குது. பட்டிப்பொலைன்னா 6,226 அடி. அடுத்தடுத்த ரெண்டு ஸ்டேஷன்களின் உயரமும் நடுவில் உள்ள தூரமும் தெரிஞ்சா சராசரி ஏற்றம் கிடைச்சிடும். கொட்டகலைக்கு முந்தி வரும் சிங்கமலை சுரங்கம் செய்மதிப் படத்தில் வெறும் மலைதான். அதுக்கு வீடியோ வேணும்.

வீடியோவிலும் வருஷம் பார்க்கணும். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்ததுக்கு முந்திய சென்கிளேயர் நீர்வீழ்ச்சி வேற, இப்ப உள்ளது வேற.

எங்களுக்குக் கிடைக்காதது லயம்தான். சுற்றுலா கேமரா தேயிலையையும் அருவியையும் பார்க்குது. லயம் வந்தா அடுத்த ஜன்னலுக்குத் திரும்பிடுது. 1884இல் ஹட்டனுக்கு வந்த இந்தப் பாதையில் தேயிலையை ஏத்தி அனுப்பிய சனங்களின் வீடு இல்லாம, பாதை எப்படி நிஜமாகும்?

உங்க லயம் தண்டவாளத்து ஓரமா இருந்தா ஒரு படம் எடுத்து வைங்க. எத்தனை கதவு, இஸ்தோப்பு எவ்வளவு அகலம், பீலி எந்தப் பக்கம்னு குறிச்சு வைங்க. அதைப் பார்த்துத்தான் நாங்க கட்டணும்.