குதிமுள்ளும் தாற்றுக்கோலும்

தமிழாசிரியருக்கு ஆங்கிலத் தொடரில் என்ன வேலையென்று எமது கல்லூரித் தோழர் சிலர் நகைத்தல் கூடும். நெடுங்கேணியில் இருமொழி விண்ணப்பங்களும் எமது மேசைக்கே வருதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

'ஒன் த ஸ்பர் ஒவ் த மோமன்ற்' என்பது அத்தொடர். முன்யோசனையின்றி, அக்கணத்தில் எழுந்த விருப்பினால் ஒன்றைச் செய்தலை அது குறிக்கும். 'ஸ்பர்' என்பது குதிரைவீரன் காலணியிற் பொருத்திய குதிமுள். அது பட்டதும் குதிரை பாய்வதுபோல, அக்கணமே முள்ளாகி மனத்தைத் தூண்டிற்று என்பது கருத்து. வண்டிற்காரர் எருதை உந்தும் தாற்றுக்கோலைச் சொன்னால் எம் மாணவர்க்கு எளிதில் விளங்கிவிடும். விளங்காதவர் 'ஸ்பெயர்' என்றும் 'ஸ்பர்ட்' என்றும் எழுதுவர். முன்னது ஓய்வுநேரத்தையும் பின்னது பீறிடும் நீரையும் நினைப்பூட்டும். பெயருக்கு முன் அடையாக வருமிடத்து 'ஸ்பர்' முதலிய நான்கு சொற்களையும் சிறுகோட்டால் இணைத்தல் மரபு.

தமிழில் 'எடுத்தேன் கவிழ்த்தேன்' என்று பெயர்ப்பாருளர். அதிற் பழியுண்டு, ஆங்கிலத்தில் அது இல்லை. பழைய நண்பரைக் காணும் ஆசையால் திடீரெனப் பேருந்தேறியவரை யார் பழிப்பர்? 'நினைத்த மாத்திரத்தே' என்பதே எமக்கு உவப்பு.

எழுத்துப்பிழை சிறிது, பொருட்பிழையே பெரிது. சில ஆண்டுகளின் முன் மாணவனொருவன் தன் பாட்டனாரின் காணி பற்றிய ஆங்கில விண்ணப்பத்தைக் கொணர்ந்தான். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஊரைவிட்டு நீங்கியதற்கு இத்தொடரையே பெய்திருந்தான். 'திடீரென' என்பதற்கு அகராதியிற் கண்ட அழகிய தொடராம்! எறிகணைக்கு அஞ்சி ஓடியவர், ஆசை உந்த உலாப் போனவராகிவிட்டார். காணியைத் தாமே கைவிட்டாரென்று வாசிப்போர் கொண்டால் உரிமை என்னாவது?

உடன்வந்த பாட்டனாருக்குத் தொடரின் பொருளை விளக்கினோம். முதியவர் பேரனை நோக்கினார், பின்பு எம்மிடம், "விதைச்ச வயலை ஆரும் நினைச்ச உடன விட்டிட்டுப் போவினமோ, வாத்தியார்?" என்றார்.

தொடரை வெட்டி, போரினால் வெளியேற நேர்ந்தது என்று எழுதுவித்தோம். வயல் விதைத்திருந்த செய்தியையும் அதன்கீழ்ச் சேர்க்கச் சொன்னோம்.